ஆறாம் ஈற்று வரை

(பன்றி வளர்ப்போர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்ணைகளுக்குப் போகும்போது நான் வழக்கமாகக் கேட்பது ஒன்று உண்டு. கடைசியாக எந்தத் தாய்ப்பன்றியைத் தள்ளினீர்கள், ஏன் தள்ளினீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் "சினை நிக்கல சார், வெட்டுக்குக் குடுத்துட்டேன்" என்றுதான் பதில் வரும். சிலர் "கால் போயிடுச்சு, எந்திரிக்க முடியல" என்பார்கள். சிலர் "குட்டிக்குப் பால் இல்ல" என்பார்கள். மூன்றுமே உண்மையான பதில்கள். ஆனால் இவை கடைசியில் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்கின்றன. அப்படி ஏன் நடந்தது என்பதை அறிய இன்னும் பின்னோக்கிப் போக வேண்டும். இன்றைக்குச் சினை நிற்காத பன்றிக்குக் கேடு தொடங்கியது நான்கு மாதத்துக்கு முன்பாக இருக்கலாம். சில நேரம் அது எடை கூட்டுவதற்காகத் தின்றுகொண்டிருந்த இளம்பருவத்திலேயே தொடங்கியிருக்கலாம்.

ஆகவே நான் இன்று வலியுறுத்த வந்த செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தாய்ப்பன்றி பண்ணையில் எத்தனை ஈற்று நிற்கும் என்பது வியாபாரி வண்டியோடு வரும் நாளில் முடிவாவதில்லை. அதன் பெரும்பகுதி, தலையீற்றுக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கும் நாளுக்குள் முடிவாகிவிடுகிறது. அந்த முடிவுகளை எடுப்பவர்கள் வளர்க்கும் நாம்தான்.

பன்றி பத்துப் பதினைந்து ஆண்டு வாழக்கூடிய விலங்கு. பண்ணையில் அதன் கதை வேறு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும் பண்ணைகளில் ஆண்டுதோறும் நூறு தாய்ப்பன்றிகளில் நாற்பது முதல் ஐம்பது வரை வெளியேறுகின்றன. அவற்றின் இடத்தில் புதிய இளம்பன்றிகள் வருகின்றன. மூத்துப்போனதால் வெளியேறுபவை அவற்றில் ஒரு பகுதிதான். சினை பிடிக்காமை, கால் நோவு, பால் வற்றல், திடீர் இறப்பு ஆகியவற்றால் மூன்றாம் ஈற்றைப் பார்க்காமலே போகிறவை ஏராளம். நம் ஊர்ப் பண்ணைகளிலும் இதே காரணங்களைத்தான் நான் பார்க்கிறேன்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பன்றியின் சினைக்காலம் 114 அல்லது 115 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். எட்டு மாதத்தில் இணை சேர்த்தால் ஏறத்தாழ ஒரு வயதில் தலையீற்று. குட்டிகளை 42 நாளில் பிரித்து, அடுத்த ஒரு வாரத்தில் பருவத்துக்கு வந்து சினை பிடித்தால், ஓர் ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடையே 164 நாள். ஆண்டுக்கு இரண்டேகால் ஈற்றுக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கில் மூன்றாம் ஈற்று வரும்போது பன்றிக்கு இரண்டு வயது நிறைந்திருக்காது; ஆறாம் ஈற்றுக்கு மூன்று வயதும் சில மாதங்களும். ஒரே ஒரு பருவத்தைக் கவனிக்காமல் விட்டால் 21 நாள் போய்விடும். அந்த 21 நாளும் அது தின்னும். சினையும் இராது, பாலும் இராது.

இளம்பன்றி தலையீற்று ஈனும் வரை நமக்குச் செலவு மட்டும்தான். ஒரு வருடத் தீவனம், இடம், தடுப்பூசி, கூலி எல்லாம் அதன் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். அந்தக் கடன் எப்போது அடையும்? அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென் ஸ்டால்டரும் அவருடைய குழுவினரும் 2003இல் இதைக் கணக்கிட்டார்கள். வளர்ப்புச் செலவைத் திருப்பித் தர ஒரு பன்றி ஏறத்தாழ மூன்று ஈற்றுகளாவது பண்ணையில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட விடை. அங்குள்ள தீவன விலையும் குட்டி விலையும் வேறு, நம்முடையவை வேறு. ஆனாலும் கணக்கின் போக்கு மாறாது. இரண்டாம் ஈற்றோடு அனுப்பப்படும் பன்றி தன் கடனை அடைக்காமலே போகிறது. மூன்றாம் ஈற்று முதல் ஆறாம் ஈற்று வரைதான் அதன் பொற்காலம். குட்டிகளின் எண்ணிக்கை, எடை, பால் எல்லாம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். சரியாக அந்த வாசலில் நிற்கும்போது நாம் அதைத் தள்ளிவிடுகிறோம்.

இதில் காசுக்கு அப்பாற்பட்ட இழப்பும் உண்டு. பன்றியின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் பொருள்கள் குட்டிக்குப் போவதில்லை. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் ஒன்றுதான் குட்டிக்குக் காப்பு. பல ஈற்று கண்ட தாய் அந்தப் பண்ணையின் கிருமிகளையெல்லாம் சந்தித்து, அவற்றுக்கான எதிர்ப்பைச் சீம்பாலில் தருகிறது. தலையீற்றுத் தாயின் குட்டிகள் எடையிலும் குறைவு, இந்தக் காப்பிலும் குறைவு. பண்ணை முழுக்கத் தலையீற்றுப் பன்றிகளாக இருந்தால் குட்டிக் கழிச்சலும் இறப்பும் அதிகமாவதில் வியப்பில்லை.

இனி, பன்றியின் வாழ்க்கையை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் கட்டம், தேர்வு. நம்மிடம் இளம்பன்றிகளைத் தாய்க்கென்று தேர்ந்தெடுக்கும் பழக்கம் குறைவு. நல்ல எடை வந்தவை கறிக்குப் போய்விடும். விற்றது போக மிஞ்சியது தாயாகிவிடும். இதை முதலில் நிறுத்த வேண்டும். நல்ல தாயின் குட்டிகளிலிருந்து எடுக்க வேண்டும். நல்ல தாய் என்றால் நான்கைந்து ஈற்று சிக்கலில்லாமல் ஈன்று, குட்டிகளை நசுக்காமல் வளர்த்த தாய். பன்னிரண்டு காம்பாவது வேண்டும், பதினான்கு இருந்தால் நல்லது. எல்லாக் காம்பும் வெளியே எழும்பியிருக்க வேண்டும். உட்குழிந்த காம்பில் குட்டியால் குடிக்க முடியாது. பிறகு அதை நடக்கவிட்டு, பக்கவாட்டிலும் பின்னாலும் நின்று பாருங்கள். முன்னங்கால் முட்டி முன்னே வளைந்து நிற்கிறதா? பின்னங்கால் கம்பு போல் விறைத்திருக்கிறதா? குளம்பின் இரண்டு பிளவுகளும் ஒரே அளவா? ஒன்று மிகச் சிறியதாக இருந்தால் பாரமெல்லாம் மற்றதில் விழுந்து, இரண்டு ஈற்றுக்குள் அது வெடிக்கும்.

நீடித்து நிற்கும் தன்மை பரம்பரையாக வருவது குறைந்த அளவில்தான். கால் அமைப்பு அதைவிடக் கூடுதலாக வருகிறது. அதனால்தான் காலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்று இவ்வளவு சொல்கிறேன். கலப்பினப் பன்றிகள் தூய இனங்களைவிடப் பொதுவாக உறுதியாக நிற்பதும் அறிந்த செய்தி. காட்டுப்பாக்கத்தில் நம் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய டானுவாஸ் கே.பி.எம். கோல்டு என்னும் பன்றியினம், பெரிய வெள்ளை யார்க்ஷயர் முக்கால் பங்கும் நாட்டுப் பன்றி கால் பங்கும் கொண்டது. நம் வெயிலுக்கும் தீவனத்துக்கும் நாட்டு இரத்தம் கொஞ்சம் வேண்டும் என்பதை அந்தக் கலப்பு ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஒரே ஆண்பன்றியை வருடக்கணக்கில் வைத்துக்கொண்டு, அதன் மகள்களுக்கும் அதையே சேர்த்தால் அந்த நன்மை முழுவதும் கரைந்துவிடும். உறவுக்கலப்பு முதலில் கெடுப்பது சினை பிடிக்கும் திறனைத்தான்.

இரண்டாம் கட்டம், இளம்பன்றியின் வளர்ப்பு. கறிப்பன்றிக்கு வேண்டியது சீக்கிரம் எடை. தாயாகப் போகும் பன்றிக்கு வேண்டியது உறுதியான எலும்பும் மூட்டும். கறிப்பன்றிகளோடு ஒரே தொட்டியில் தின்று வேகமாக எடை கூடும் இளம்பன்றிக்கு மூட்டின் குருத்தெலும்பு சரியாக இறுகாமல் போகலாம். அந்தக் குறை அப்போது கண்ணுக்குத் தெரியாது. இரண்டாம் சினையில் பாரம் ஏறும்போது நொண்டலாக வெளிவரும். ஆகவே நான்கைந்து மாத வயதிலேயே தாய்க்கென்று தேர்ந்தவற்றைப் பிரித்து, நடக்க இடமும், சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் குறையாத தீவனமும் கொடுக்க வேண்டும்.

முதல் பருவத்திலேயே இணை சேர்ப்பதும் தவறு. முதல் பருவத்தில் வெளியாகும் கருமுட்டைகள் குறைவு. உடம்பும் சினைக்கு ஆயத்தமாகியிருக்காது. இரண்டாவது அல்லது மூன்றாவது பருவம் வரை பொறுத்திருங்கள். மேலை நாட்டு நவீன இனங்களுக்கு ஏறத்தாழ 135 கிலோ முதல் 150 கிலோ எடையில் முதல் சேர்க்கை என்பது அங்குள்ள பரிந்துரை. நம் கலப்பினங்களுக்கு எட்டு மாதம் நிறையட்டும், எடை நூறு கிலோவை நெருங்கட்டும் என்று நான் சொல்வேன். சேர்ப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து தீவனத்தைக் கூட்டினால் கருமுட்டைகளின் எண்ணிக்கை கூடும். சினை நின்றதும் பழைய அளவுக்குக் குறைத்துவிட வேண்டும். சினைக்காலம் முழுக்க அள்ளிக்கொடுத்துக் கொழுக்கவைத்த பன்றிக்கு ஈனும்போதும் சிரமம். ஈன்ற பிறகு அது தீவனத்தையே முகராது.

மூன்றாம் கட்டத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெரும்பாலான தாய்ப்பன்றிகளை நாம் இழப்பது இந்த இடத்தில்தான். அது தலையீற்றுப் பாலூட்டும் காலம்.

தலையீற்றுப் பன்றிக்கு ஒரு வயதுதான் ஆகிறது. அதன் உடம்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. வளர்ச்சிக்கும் தீவனம் வேண்டும், பாலுக்கும் வேண்டும். ஆனால் நான்காம் ஈற்றுப் பன்றி தின்கிற அளவை இதன் வயிறு கொள்ளாது. பத்துக் குட்டிகள் நாளுக்குத் தலா 200 கிராம் எடை கூடினால் மொத்தம் இரண்டு கிலோ. குட்டி ஒரு கிலோ கூட ஏறத்தாழ நான்கு லிட்டர் பால் தேவை. அப்படியானால் தாய் ஒரு நாளைக்கு எட்டு லிட்டர் பால் சுரக்க வேண்டும். நம் நாட்டுப் பசுக்களில் பெரும்பாலானவை இந்த அளவு கறப்பதில்லை.

தின்பது போதாவிட்டால் பால் உடனே நிற்பதில்லை. தாய் முதலில் தன் கொழுப்பைக் கரைத்துப் பால் கொடுக்கும். பிறகு தசையைக் கரைத்துக் கொடுக்கும். குட்டிகள் கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்து நாமும் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று இருந்துவிடுவோம். உள்ளே வேறொன்று நடக்கிறது. உடம்பு கரையும்போது, கருமுட்டைகளை முதிரச் செய்யும் இயக்குநீரை மூளை அடக்கிவைக்கிறது. குட்டி பிரித்த பிறகு நான்கு முதல் ஏழு நாளில் வர வேண்டிய பருவம் இரண்டு வாரம், மூன்று வாரம் என்று தள்ளிப்போகிறது. சிலவற்றில் வருவதே இல்லை. வந்து சினை பிடித்தாலும் இரண்டாம் ஈற்றில் குட்டி குறைகிறது. தலையீற்றில் பத்து ஈன்றது இரண்டாம் ஈற்றில் ஏழு ஈன்றால், "இது சரிப்படாது" என்று தள்ளிவிடுகிறோம். நன்றாகப் பால் கொடுத்த தாய்தான் அதிகம் கரைகிறது. அதிகம் கரைந்ததுதான் முதலில் வெட்டுக்குப் போகிறது. பண்ணையின் சிறந்த தாய்களை நாமே பொறுக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்தச் சிக்கல் தமிழ்நாட்டில் இன்னும் கடுமையாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நம் பண்ணைகளில் பெரும்பாலானவை ஓட்டல், விடுதி, கல்யாண மண்டபக் கழிவில் நடக்கின்றன. அந்தக் கழிவு இல்லாவிட்டால் நம்மில் பலருக்குப் பன்றி வளர்ப்பே கட்டுப்படியாகாது என்பது எனக்குத் தெரியும். நான் அதை விடச் சொல்லவில்லை. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன். சாதம், சாம்பார், ரசம் கலந்த கழிவில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். பாலூட்டும் பன்றிக்குத் தன் உடம்புக்கென்று இரண்டு கிலோவும், ஒவ்வொரு குட்டிக்கும் 400 முதல் 500 கிராமும் கலப்புத் தீவனம் வேண்டும். பத்துக் குட்டி என்றால் ஆறேழு கிலோ. அதே சத்தைக் கழிவிலிருந்து எடுக்க இருபது கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். தலையீற்றுப் பன்றியின் வயிறு அதற்கு இடம் கொடுக்காது. கொடுத்தாலும் சோறு மிகுந்த அந்தக் கழிவில் புரதம் குறைவு, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. பாலுக்கான சுண்ணாம்பை எலும்பிலிருந்து எடுத்துக்கொடுத்த பன்றி, குட்டி பிரிக்கும் சமயத்தில் பின்னங்கால் ஊன்ற முடியாமல் படுத்துவிடும். குறிப்பேட்டில் அது "கால் போச்சு" என்று பதிவாகும். தீவனத் தொட்டியில் நேர்ந்த குறை அது.

ஆகவே கழிவைக் கறிப்பன்றிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்; சினைப்பன்றிக்கும் ஓரளவு கொடுக்கலாம். பாலூட்டும் பன்றிக்கு, அதிலும் தலையீற்றுப் பன்றிக்கு, மக்காச்சோளம், தவிடு, சோயா அல்லது கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத்தூள், தாது உப்புக் கலவை சேர்ந்த அடர்தீவனம் கொடுங்கள். ஈன்ற நாளில் கொஞ்சமாகத் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் முழு அளவுக்குக் கொண்டுவந்து, நாளுக்கு மூன்று நான்கு முறையாகப் பிரித்து வையுங்கள். பத்துப் பதினான்கு நாளிலேயே குட்டிகளுக்குத் தனியாகக் குட்டித் தீவனம் காட்டுங்கள். 56 நாள் வரை பால் குடிக்கவிடும் பழக்கத்தைக் கைவிடுங்கள். தாய் இளைத்துவிட்டால் பெரிய குட்டிகளை முதலில் பிரித்து, சின்னவற்றை மட்டும் சில நாள் விட்டுவைக்கலாம். மூன்று வாரத்துக்கு முன்பு பிரிப்பதும் கூடாது. கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்கு வர அந்தக் காலம் வேண்டும்.

கழிவும் தீவனமும் கொடுப்பவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். 2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் தொடங்கிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்த நாட்டின் பல பண்ணைகளைத் துடைத்துப்போட்டது. அதற்கு மருந்து கிடையாது; கழிவு வழியாகவும் அது பரவும். கழிவை 90 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே காய்ச்சாமல் எந்தப் பன்றிக்கும் வைக்காதீர்கள். இரண்டாவது, பூசணம் பிடித்த மக்காச்சோளமும் புண்ணாக்கும். மக்காச்சோளப் பூசணத்தில் உள்ள சியராலினோன் என்னும் நச்சு பெண் இயக்குநீரைப் போலவே வேலை செய்யும். பருவமே இல்லாதபோது பிறப்புறுப்பு சிவந்து வீங்கும், இளம்பன்றிக்கும் மடி பருக்கும், சினை நிற்காது. மலிவாகக் கிடைத்தது என்று பூசண மூட்டை வாங்கினால், விலை பன்றியின் தலையில் விழும்.

அடுத்தது தண்ணீரும் வெயிலும். பாலூட்டும் பன்றி நாளுக்கு 20 முதல் 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும். தண்ணீர் குறைந்தால் முதலில் தீவனம் குறையும், பிறகு பால் குறையும். சிறுநீர் தேங்கிப் பையில் நோய்க்கிருமி பெருகும். ஒரு நாள் காலையில் எந்த அறிகுறியும் இல்லாமல் செத்துக் கிடக்கும் தாய்ப்பன்றிகள் சிலவற்றை அறுத்துப் பார்த்தால் சிறுநீர்ப்பையும் சிறுநீரகமும் சீழ் பிடித்திருக்கும். உப்பு மிகுந்த ஓட்டல் கழிவைத் தின்னும் பன்றிக்குத் தண்ணீர் இல்லாமல் போனால் மூளையே பாதிக்கப்பட்டு வலிப்பு வரும்.

பன்றிக்கு வியர்வை வழியாக உடம்பைக் குளிர்விக்கத் தெரியாது. தாய்ப்பன்றிக்கு உகந்தது 18 முதல் 22 டிகிரி. 25 டிகிரியைத் தாண்டினால் தீவனம் குறையத் தொடங்கும். நம் ஊரில் சித்திரை வைகாசியில் நாற்பதைத் தொடுகிறது. குட்டிக்கோ முதல் வாரத்தில் 32 முதல் 34 டிகிரி வேண்டும். ஒரே அறையில் இரண்டு தட்பவெப்பம் தேவைப்படுகிறது. குட்டிக்குத் தனி மூலையும் விளக்கும் கொடுங்கள்; தாயின் கழுத்திலும் தோளிலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும்படி குழாய் அமையுங்கள். கூரை உயரமாகட்டும், பக்கச் சுவர் தாழ்வாகட்டும், சுற்றிலும் மரம் இருக்கட்டும். விடியற்காலையிலும் இரவிலும் தீவனம் வையுங்கள். தலையீற்றுப் பாலூட்டல் கோடையில் விழாதபடி சேர்க்கையைத் திட்டமிட முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

"சினை நிக்கல" என்ற குற்றச்சாட்டைச் சுமப்பது எப்போதும் பெண்பன்றிதான். வெயிலில் வாடிய ஆண்பன்றியின் விந்து ஒன்றரை மாதம் வரை தரம் குறைந்திருக்கும். அந்த நாட்களில் அது சேர்ந்த பன்றிகள் வரிசையாகத் திரும்பப் பருவத்துக்கு வரும். ஆண் ஒன்று, வெளியேறுவது பெண் ஐந்து. நான்கைந்து பன்றிகள் ஒரே சமயத்தில் சினை நிற்காவிட்டால் முதலில் ஆண்பன்றியைப் பாருங்கள், பிறகு தீவனத்தைப் பாருங்கள், பிறகு பார்வோ வைரஸ், எலிக்காய்ச்சல், புருசெல்லா போன்ற நோய்களுக்காக இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பருவம் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். காலையும் மாலையும் ஆண்பன்றியை எதிரே நிறுத்தி, பெண்பன்றியின் இடுப்பில் கையை அழுத்திப் பார்த்தால் அசையாமல் நிற்பது தெரியும். தொட்டி நிரப்பும்போது ஓரக்கண்ணால் பார்ப்பது பருவம் பார்ப்பதாகாது.

தரையைப் பற்றி ஒரு சொல். நம் பண்ணைகளில் சிமெண்டுத் தரைதான். வழுவழுப்பானால் சறுக்கும், சொரசொரப்பானால் குளம்பைத் தேய்க்கும், எப்போதும் ஈரமாக இருந்தால் குளம்பு ஊறி வெடிக்கும். நொண்டும் பன்றி தின்ன எழாது, குடிக்க எழாது, படுக்கும்போது தொப்பென்று விழுந்து குட்டிகளை நசுக்கும். அங்கிருந்து பால் குறைவு, இளைப்பு, சினை நிற்காமை என்று சங்கிலி நீளும். சாய்வும் வடிகாலும் சரியாக இருக்கட்டும், படுக்குமிடம் காய்ந்திருக்கட்டும். பயோட்டினும் துத்தநாகமும் குளம்பை உறுதியாக்கும். நீண்ட குளம்பைச் சீவிவிடுங்கள்.

பெரும் தொழிலாக இதைச் செய்யும் நாடுகளிடம் நாம் கற்க வேண்டியதும் உண்டு, எச்சரிக்கையாக இருக்க வேண்டியதும் உண்டு. தாய்ப்பன்றிகளைத் திரும்பவும் முடியாத கூண்டுகளில் சினைக்காலம் முழுக்க அடைத்துவைக்கும் முறையைப் பிரிட்டன் 1999இலேயே தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல், சேர்க்கைக்கு நான்கு வாரம் கழித்து ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பு வரை கூட்டமாக வைக்க வேண்டும் என்றது. நடக்க இடம் கிடைத்த பன்றிக்கு எலும்பும் தசையும் உறுதிப்படும். ஆனால் முன்பின் தெரியாத பன்றிகளை நெருக்கமான இடத்தில் திடீரென்று கலந்தால் சண்டையில் கால் முறியும், தொடக்கச் சினை கலையும். நாம் கூட்டமாக வைக்கும்போதும் இதே கவனம் வேண்டும்.

எச்சரிக்கை என்று நான் சொல்வது டென்மார்க்கின் அனுபவத்தை. ஒரு தாய்ப்பன்றி ஆண்டுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட குட்டிகளைப் பிரித்துத் தரும் அளவுக்கு இனத்தை உயர்த்தியவர்கள் அவர்கள். அதே நாட்டில் ஆண்டுதோறும் நூறு தாய்ப்பன்றிகளில் பத்துக்கு மேல் பண்ணையிலேயே இறக்கின்றன. அமெரிக்காவிலும் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தாய்ப்பன்றி இறப்பு ஏறி, நூற்றுக்குப் பத்தைத் தாண்டியது. அடிதள்ளுதலும் நொண்டலும் அங்கே பெருங்கவலையாகியிருக்கின்றன. ஓர் ஈற்றில் எத்தனை குட்டி என்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால், அந்தக் குட்டிகளைச் சுமக்கும் உடம்பு கணக்கில் வராமல் போகும். தன் வாழ்நாளில் மொத்தம் எத்தனை குட்டிகளை உயிரோடு பிரித்துக் கொடுத்தது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மனிதர்களின் கையும் இதில் சேரும். பால் ஹெம்ஸ்வொர்த் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 1981இல் நெதர்லாந்தின் சிறு பண்ணைகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே ஆள் கவனிக்கும் பண்ணைகள் அவை. இனமும் தீவனமும் ஒத்திருந்தும் பண்ணைக்குப் பண்ணை குட்டி எண்ணிக்கை வேறுபட்டது. ஆளைக் கண்டு அஞ்சி ஒதுங்கும் பன்றிகள் இருந்த பண்ணைகளில் ஈற்றுப்பயன் குறைவு. ஆளை நெருங்கி வரும் பன்றிகள் இருந்த இடத்தில் கூடுதல். உதையும் அடியும் திட்டும் தினமும் வாங்கும் விலங்கின் உடம்பு எப்போதும் பதற்றத்தில் இருக்கிறது; அந்தப் பதற்றம் சினைப்பையை எட்டுகிறது. அன்பாக நடத்துங்கள் என்பது உபதேசம் என்று நினைக்க வேண்டாம். அது உற்பத்தி முறையின் ஒரு பகுதி.

இங்கே மனம் திறந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். பசு சினை பிடிக்காவிட்டால் மருத்துவரை அழைக்கிறோம். பன்றி சினை பிடிக்காவிட்டால் வியாபாரியை அழைக்கிறோம். பன்றியை இழிவாகப் பார்க்கும் பழக்கமும், அதை வளர்ப்பவர்களை இழிவாகப் பார்க்கும் பழக்கமும் நம் சமூகத்தில் ஒன்றாகவே வளர்ந்திருக்கின்றன. அதன் விளைவாகச் சினைப் பரிசோதனையும் தடுப்பூசியும் தீவன ஆலோசனையும் பன்றிக் கொட்டகையின் வாசலை எட்டுவது அரிதாக இருக்கிறது. இங்கே அமர்ந்திருக்கும் இளம் மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: மாட்டுக் கொட்டகைக்குள் நுழையும் அதே மரியாதையோடு பன்றிக் கொட்டகைக்குள் நுழையுங்கள். அங்கே ஒரு குடும்பத்தின் பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் அந்தத் தாய்ப்பன்றியின் காலில் நிற்கின்றன.

எல்லாப் பன்றியையும் சாகும் வரை வைத்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஏழாம் எட்டாம் ஈற்றுக்குப் பிறகு செத்துப் பிறக்கும் குட்டிகள் கூடும், குட்டிகளின் எடை ஒன்றுக்கொன்று ஒவ்வாது, கருப்பையின் வலு குறையும். அப்போது கழிப்பது முறையானது. தீராத வலியோடு நொண்டும் பன்றியை இழுத்துக்கொண்டிருப்பதும் கருணையாகாது. கழிப்பதில் தவறில்லை, காரணம் அறியாமல் கழிப்பதில்தான் தவறு இருக்கிறது.

அதற்கு ஒரு குறிப்பேடு போதும். ஒவ்வொரு தாய்ப்பன்றிக்கும் ஒரு பக்கம். பிறந்த நாள், தாயின் எண், சேர்த்த நாள், சேர்த்த ஆண்பன்றி, ஈன்ற நாள், உயிரோடு பிறந்தவை, பிரித்தவை, பிரித்த அன்று தாயின் உடல்நிலை, திரும்பப் பருவத்துக்கு வந்த நாள். உடல்நிலையை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடுங்கள். இடுப்பெலும்பு கண்ணுக்கே தெரிந்தால் ஒன்று. எவ்வளவு அழுத்தியும் தட்டுப்படாவிட்டால் ஐந்து. கொஞ்சம் அழுத்தினால் தட்டுப்படும் மூன்றுதான் வேண்டியது. வியாபாரிக்குப் போன் செய்வதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்து கேளுங்கள்: இது எத்தனையாவது ஈற்று? பிரித்த அன்று எவ்வளவு இளைத்திருந்தது? எந்த ஆண் சேர்ந்தது? அந்த மாதம் வெயில் எப்படி, தீவனம் எது? இதே காரணத்துக்காக இதற்கு முன் எவற்றை அனுப்பினேன்? ஒரே காரணம் மூன்று பக்கங்களில் திரும்ப வந்தால் கோளாறு பன்றியிடம் இல்லை, பண்ணையில் இருக்கிறது. அடுத்து வாங்கும் இளம்பன்றிக்கும் அதுவே காத்திருக்கிறது.

உங்களிடம் பத்துத் தாய்ப்பன்றி இருந்து, ஆண்டுக்கு ஐந்தை மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை மூன்றாகக் குறைத்தாலே ஆண்டுக்கு இரண்டு இளம்பன்றிகளின் வளர்ப்புச் செலவு மிஞ்சும். அந்தப் பணத்தில் தலையீற்றுப் பன்றிகளுக்குப் பாலூட்டும் காலம் முழுக்க நல்ல தீவனம் போடலாம். அவை மூன்றாம் நான்காம் ஈற்றை எட்டும். இதற்கு வெளிநாட்டு இயந்திரமோ புது இனமோ தேவையில்லை. அடுத்த ஈற்றுக்கு நிற்கும் உங்கள் தலையீற்றுப் பன்றியிலிருந்து தொடங்குங்கள். ஒரு வருடம் கழித்து அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.